ஆறு நாள் கணக்கு

படத்தில் என் கடையும் இருந்தது.
ஒரு வெள்ளைப் பெட்டி. பெயர்ப் பலகை இல்லை.
முன்னால் இன்னும் நடாத ஒரு மரம்,
மரத்தடியில் பலூன் பிடித்த ஒரு பிள்ளை.
அல்சூரில் அந்த நிறத்தில் நான் யாரையும் பார்த்ததில்லை.

"கல் பாவின நடைபாதை, இரண்டரை மீட்டர்.
கேபிள் எல்லாம் பூமிக்கடியில்.
வண்டி நிறுத்த இடமில்லை" என்றார் இஞ்சினியரம்மா.
எங்களுக்காகத் தமிழிலேயே சொன்னார்.
அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ராத்திரி பாரஸ்மல் அடகுக்கடை மாடியில் சங்கம் கூடியது.
முப்பத்தொரு ஷட்டர், பதினாறு நாற்காலி.
பூக்கூடை சம்பங்கியை யாரும் கூப்பிடவில்லை,
ஷட்டர் இல்லாதவளுக்கு ஓட்டு ஏது?
பேக்கரி குரியச்சன் தட்டு நிறைய பன் வைத்தார்.
காசு வாங்கவில்லை.
அப்போதே தெரிந்தது நிலைமை மோசமென்று.
பேனர் எழுதும்போது
குழிக்குக் கன்னடத்தில் உள்ள சொல்லைத்
தமிழாக நினைத்துச் சிரித்தான் தட்டெடுக்க வந்த பையன்.
தலைவரும் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"கார் நிற்காவிட்டால் கஸ்டமர் ஏது,
இதைச் சொல்லித் தெரியணுமா?" என்றேன்.
"சொல்ல வேண்டாம், காட்டு" என்றார் பாரஸ்மல்.
நகையையே உரசிப் பார்த்து வாங்குகிறவர்.
பொருளாளர் நான். நோட்டுப் போட்டேன்.
கார், பைக், ஆட்டோ, கால்.
நாலு கட்டம், ஆறு நாள்.

திங்கள்: கால் ஐம்பத்தேழு, பைக் பன்னிரண்டு,
ஆட்டோ மூன்று. கார் ஒன்று,
அதுவும் மெட்ரோவுக்கு வழி கேட்டு.
செவ்வாய்க்கு நாள் சரியில்லை என்று தள்ளினேன்.
புதன் மழை. குடை பிடித்துக்கொண்டு வந்தன கால்கள்.
"கார்ல வர்றவங்க கண்ணாடியே எறக்க மாட்டாங்கண்ணா,
என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே"
என்றாள் சம்பங்கி, மொழம் போட்டபடி.

சனிக்கிழமை கெய்சர் வாங்க
ஒரு குடும்பம் காரில் வந்தது, கடவுளே என்று.
மூன்று சுற்று சுற்றினார்கள்.
நிறுத்த இடமில்லாமல் போயே போனார்கள்.
அந்த இடத்தில் நின்றிருந்தது ஒரு ஆம்னி.
காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை
தினமும் என் கடையை மறைத்து நிற்கும்
என் ஆம்னி.

கால்கள் வாங்குவதெல்லாம் சில்லறைதான்,
ரெண்டடி ஒயர், ஜீரோ வாட் பல்பு, ஒரு பின்
என்று வாதம் ஒன்று கண்டுபிடித்தேன்.
கல்லாவைக் கொட்டிக் கூட்டினேன்.
சில்லறைதான் வாடகை கட்டியிருந்தது.

பாரஸ்மல் கேட்டபோது நோட்டு வீட்டில் என்றேன்.
அது சட்டைக்குள் வயிற்றை உறுத்திக்கொண்டிருந்தது.

மாநகராட்சிக் கூட்டத்தில் எல்லோரும் கத்தி முடித்தபின் எழுந்தேன்.
காரைப் பற்றி வாய் திறக்கவில்லை.
"மேடம், மரம் இருக்கட்டும், பலூன் இருக்கட்டும்.
ஏழு மாதம் குழி என்கிறீர்களே,
ஒரு நாளைக்கு ஐம்பத்தேழு பேர்
என் கடைக்குள் எப்படி வருவார்கள்?
பலகை எங்கே?"
அவர் படத்தைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.
சங்கத்துக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்,
இவன் யார் பக்கம் என்று.

குழி வந்தது. பலகை வரவில்லை.
என் பழைய பெயர்ப் பலகையை இறக்கிக் குறுக்கே போட்டேன்.
ஏகாம்பரம் எலெக்ட்ரிகல்ஸ் மேல் மிதித்து
ஏகாம்பரம் எலெக்ட்ரிகல்ஸுக்குள் வந்தார்கள்.
முதலில் 'ஏ' தேய்ந்தது.
ஆம்னியை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு
நானும் அதன்மேல்தான் வந்தேன்.

ஐந்தாம் மாதம் குரியச்சன் ஷட்டரை இறக்கினார்.
அடுப்பைப் பிரித்து டெம்போவில் ஏற்ற
டெம்போ தெருவுக்குள் வர வழியில்லை.
நாலு பேர் தோளில் சுமந்து குழியைத் தாண்டினோம்.
சாயங்காலம் பன் வாங்க வந்தவர்கள்
மூடிய ஷட்டர் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் எத்தனை பேரென்று
யாரும் எண்ணி வைக்கவில்லை.
என் நோட்டில் பக்கம் மிச்சமிருக்கிறது.